விடுதி அறையில் மின் ஸ்கூட்டர்: நிறுத்தமும் மின்னேற்றமும்

1980களில் இலங்கையிலிருந்து டென்மார்க்கிற்கு வந்து ஹேர்னிங், பிரண்டா, கிறின்ஸ்டெட், வையில, ஹொல்ஸ்ரபுறோ முதலிய ஊர்களில் குடியேறிய தமிழரின் முதல் தலைமுறை இன்று முதுமைப் பருவத்தை எட்டியுள்ளது. முழங்கால் தேய்வு, பாரிசவாதம், நீரிழிவினால் ஏற்பட்ட கால் நோய் போன்றவற்றினால் நீண்ட தூரம் நடக்க இயலாத பலருக்கு, இருக்கையுடன் கூடிய மின் ஸ்கூட்டரே வெளியுலகத் தொடர்பாக உள்ளது. திருமணங்களுக்கும் பிரண்டா அபிராமி அம்பாள் ஆலயத் திருவிழா போன்ற வைபவங்களுக்கும் தொலைவிலிருந்து வருவோர் விடுதியில் தங்க நேரிடுகின்றது. அங்கு ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது, எங்கே மின்னேற்றுவது என்ற இரு வினாக்களும் வசதியை மட்டும் சார்ந்தவை அல்ல. தீ விபத்தின்போது உயிர் தப்புவதையும் சார்ந்தவை.

முன்பதிவு செய்யும்போது

டேனிஷ் மொழியில் இவ்வூர்தி ‘எல்-ஸ்கூட்டர்’ எனப்படும். அதே சொல் மின்சாரத்தில் இயங்கும் இருசக்கர மோட்டார் வண்டியையும் குறிப்பதால், விடுதிப் பணியாளர் தவறாக விளங்கிக்கொண்டு மறுக்கக்கூடும். நடக்க இயலாதவர் பயன்படுத்தும், இருக்கையுள்ள மூன்று அல்லது நான்கு சக்கர ஊர்தி என்பதைத் தெளிவாகக் கூறுவது அவசியம். தொலைபேசியில் பேசிய பின்னர் அதனை மின்னஞ்சலிலும் உறுதிப்படுத்திக்கொள்வது நன்று.

அளவுகளை முன்னரே எடுத்து வைத்திருத்தல் வேண்டும். வெளியே ஓட்டுவதற்கான ஸ்கூட்டர்கள் பொதுவாக 120 முதல் 150 சென்ரிமீற்றர் வரை நீளமும் 60 முதல் 70 சென்ரிமீற்றர் வரை அகலமும் கொண்டவை. மின்கலங்களுடன் சேர்த்து 100 கிலோவிற்கு மேல் எடை உள்ளவையும் பல. டேனிஷ் கட்டட விதிகளின்படி கதவின் தடையற்ற அகலம் குறைந்தது 77 சென்ரிமீற்றராக இருத்தல் வேண்டும். ஆயினும் பழைய கட்டடங்களில் அதனிலும் ஒடுங்கிய கதவுகள் உள்ளன. 110 சென்ரிமீற்றர் அகலமும் 140 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட மின்தூக்கியில் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். நீண்ட ஸ்கூட்டர் நுழையாது. ‘சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை’ என்ற அறிவிப்பு ஸ்கூட்டருக்கும் பொருந்தும் என எண்ணிவிடலாகாது. நாற்காலி நின்ற இடத்திலேயே திரும்பும். ஸ்கூட்டருக்குத் திரும்ப அதிக இடம் வேண்டும்.

விடுதியிடம் கேட்டறிய வேண்டியவை:

– தரைத்தளத்தில் அறை கிடைக்குமா?
– வாசலில் படி உள்ளதா, சாய்தளம் உள்ளதா?
– அறைக்கதவின் அகலமும் மின்தூக்கியின் உள்ளளவும் எவ்வளவு?
– ஸ்கூட்டரை இரவில் எங்கே நிறுத்தலாம்? அவ்விடம் பூட்டக்கூடியதா, மழை படாததா?
– மின்னேற்றுவதற்கு எந்த இடத்தை விடுதி அனுமதிக்கின்றது?

‘கோட் அட்கேங்’ என்னும் டேனிஷ் அடையாளக் குறி, ஓர் இடம் எவருக்கு ஏற்றது என்பதைச் சக்கர நாற்காலிப் பயனாளர், நடப்பதற்கும் கைகளை அசைப்பதற்கும் சிரமப்படுவோர், பார்வைக் குறைபாடுடையோர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளாகத் தெரிவிக்கின்றது. கோர்சோரில் தசைநலிவு நோயாளருக்கான அமைப்பொன்று நடத்தும் ‘முஸ்ஹொல்ம்’ விடுமுறை நிலையம், இயக்கக் குறைபாடுடையோரைக் கருத்திற்கொண்டே அமைக்கப்பட்டது.

நடைவழியில் நிறுத்தக் கூடாது

அறை சிறிதாக இருந்தால் ஸ்கூட்டரை வெளியே நடைவழியில் விடலாம் என்றே பலரும் முதலில் எண்ணுவர். ஆனால் விடுதியின் நடைவழியும் படிக்கட்டும் தப்பியோடும் வழிகள். டேனிஷ் மொழியில் ‘ஃபுளுக்ட்வை’ எனப்படும். அவை எந்நேரமும் தடையின்றி இருக்க வேண்டும். புகை சூழ்ந்த இருளில் சுவரைத் தடவிக்கொண்டு வருபவருக்கு ஒரு ஸ்கூட்டரே போதிய தடையாகிவிடும். அதைவிட, அங்கு மின்னேற்றும்போது தீப்பற்றினால் அத்தளத்தில் உள்ள அனைவரின் வழியும் அடைபடும்.

டென்மார்க்கின் 2018ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கட்டடங்களைப் பயன்பாட்டின்படி ஆறு வகைகளாகப் பிரிக்கின்றன. விடுதிகள் ஐந்தாம் வகையைச் சேர்ந்தவை. அங்கு உறங்குவோர் வெளியேறும் வழிகளை அறியாதிருக்கலாம். ஆயினும் தாமாகவே வெளியேறக்கூடியவர்கள் என்பது அவ்வகையின் அடிப்படை. பிறர் உதவியின்றி வெளியேற இயலாதோருக்கான கட்டடங்கள் ஆறாம் வகையில் அடங்கும். எனவே ஸ்கூட்டர் பயனாளர் ஒருவர் விடுதியில் தங்கும்போது, கட்டடம் எதிர்பார்க்கும் விருந்தினருக்கும் அவருக்கும் இடையில் ஓர் இடைவெளி உள்ளது. தீ எச்சரிக்கை ஒலித்தால் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. படிக்கட்டில் ஸ்கூட்டர் பயன்படாது. இவ்விடைவெளியை நிரப்புபவை முன்னேற்பாடுகளே:

– கூடுமானவரை தரைத்தள அறையைக் கேட்டுப் பெறல்.
– தாமாகப் படியிறங்க இயலாது என்பதை வரவேற்பு மேசையில் கூறி, அறை இலக்கத்துடன் பதிவு செய்வித்தல்.
– உடன் வந்த உறவினருக்கு அருகிலுள்ள அறையைப் பெறல்.
– ஸ்கூட்டரை அறைக்குள் நிறுத்தினால், கட்டிலுக்கும் கதவிற்கும் இடையே நிறுத்தாதிருத்தல்.
– வெளியேற முடியாத நிலை ஏற்பட்டால் அறைக்கதவை மூடி, கதவின் கீழிடுக்கை ஈரத்துணியால் அடைத்து, 112ஐ அழைத்து விடுதியின் பெயரையும் அறை இலக்கத்தையும் கூறல்.

மின்னேற்றும் முறை

ஸ்கூட்டர்களில் இருவகை மின்கலங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் 12 வோல்ற் ஈயமின்கலங்கள் இரண்டு இணைந்து 24 வோல்ற் தருகின்றன. இவை முழுமையாக மின்னேற 8 முதல் 12 மணித்தியாலம் வரை ஆகலாம். மூடிய வகையாயினும் பழுதடைந்த அல்லது அளவுக்கு மீறி மின்னேறிய ஈயமின்கலம் எரியக்கூடிய ஐதரசன் வாயுவை வெளியிடும். ஆகவே காற்றோட்டம் தேவை. மடித்து எடுத்துச் செல்லக்கூடிய இலகுவான ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் லித்தியம் மின்கலம் உள்ளது. அது விரைவாக மின்னேறும். ஆனால் அடிபட்டோ பழுதடைந்தோ இருந்தால் தானே சூடேறி, அணைக்கக் கடினமான தீயாக மாறக்கூடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை:

– ஸ்கூட்டருடன் வந்த மின்னேற்றியை மட்டுமே பயன்படுத்தல்.
– சுவரிலுள்ள மின்குதையில் நேரடியாகச் செருகுதல். சுருட்டிய நீட்டிப்பு வயரையும், பல பொருட்கள் செருகிய பலகையையும் தவிர்த்தல்.
– மின்னேற்றியைக் கட்டில், கம்பளம், திரைச்சீலை ஆகியவற்றின் மேலோ அருகிலோ வைக்காது, கடினமான தரையில் திறந்தபடி வைத்தல்.
– மாலையில் அறைக்குத் திரும்பியவுடன் மின்னேற்றத் தொடங்கி, விழித்திருக்கும் நேரத்தையே பெரிதும் பயன்படுத்தல்.
– மின்கலம் கழற்றக்கூடியதாயின், ஸ்கூட்டரை வெளியே பூட்டி நிறுத்திவிட்டு, மின்கலத்தை விடுதி காட்டும் இடத்தில் மின்னேற்றல்.
– வீங்கிய, கசிந்த அல்லது கீழே விழுந்து உடைந்த மின்கலத்தை மின்னேற்றாதிருத்தல்.

மின்கலத்திலிருந்து புகையோ சீறும் ஒலியோ கடும் மணமோ வந்தால், அதனைத் தூக்கிச் செல்ல முயலாது, அறையை விட்டு வெளியேறி, கதவை மூடி, எச்சரிக்கைப் பொத்தானை அழுத்தி, 112ஐ அழைத்தல் வேண்டும்.

பல விடுதிகளில் கதவு அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியில் செருகினால்தான் அறைக்கு மின்சாரம் வரும். அட்டையுடன் வெளியே சென்றால் மின்னேற்றம் நின்றுவிடும். பகல் முழுவதும் மின்னேறியிருக்கும் என நம்பித் திரும்புபவர், வெறுமையான மின்கலத்துடன் திருமண மண்டபத்தில் நின்றுவிட நேரிடலாம்.

மின்செலவு குறித்து விடுதி தயங்கினால், அதனை எளிதாக விளக்கலாம். 50 அம்பியர்-மணித்தியால மின்கலங்கள் இரண்டை முற்றாக மின்னேற்ற ஏறத்தாழ 1.5 கிலோவாற்று-மணித்தியாலமே போதும். 2000 வாற்று நீர்க்கேத்தல் முக்கால் மணித்தியாலம் இயங்கும் அளவே அது.

எல்லை கடந்து செல்வோர்

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்திற்குக் காரில் செல்லும் குடும்பங்கள் பல. டேனிஷ் மூன்று முனைச் செருகி ஜேர்மனிய மின்குதையில் பொருந்தாது. உரிய இணைப்பியை எடுத்துச் செல்லல் வேண்டும். விமானத்தில் செல்வோர் குறைந்தது 48 மணித்தியாலத்திற்கு முன்னர் விமான நிறுவனத்திற்கு அறிவித்து, மின்கலத்தின் வகையையும் கொள்ளளவையும் தெரிவித்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதியின்படி ஒருவர் இரண்டு நடமாட்டச் சாதனங்கள் வரை கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம்.

விடுதி மறுத்தால்

2018 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், உடற்குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு ஒருவரை வேறுபடுத்தி நடத்துவதைத் தடை செய்கின்றது. முறைப்பாட்டைச் சமத்துவ நடத்தைச் சபையான ‘லீபெஹான்லிங்ஸ்நெவ்னெ’யிடம் கட்டணமின்றிச் சமர்ப்பிக்கலாம். எனினும் விடுதி தன் கட்டடத்தை மாற்றியமைக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. தீப்பாதுகாப்பின் பொருட்டு மின்னேற்றும் இடத்தை விடுதி வரையறுக்கலாம். விருந்தினரையே ஏற்க மறுப்பதும், அறைக்குப் பதிலாக வேறிடத்தில் மின்னேற்றச் சொல்வதும் ஒன்றல்ல.

நகரசபையின் உதவி

சமூக சேவைச் சட்டத்தின் 113ஆம் பிரிவின்படி மின் ஸ்கூட்டர் பெரும்பாலும் நுகர்வுப் பொருளாகக் கருதப்படும். நிரந்தரக் குறைபாடு உள்ளவருக்கும், அன்றாட வாழ்வில் அது கணிசமாக உதவும் எனக் கண்டால், சாதாரண வகை ஒன்றின் விலையில் 50 சதவீதத்தை நகரசபை வழங்கும். திருத்தம், புதிய மின்கலம், மின்னேற்றச் செலவு ஆகியவை உரிமையாளரைச் சாரும். 112ஆம் பிரிவின் கீழ் துணைச்சாதனமாக இரவல் வழங்கப்பட்ட ஊர்தி நகரசபையின் உடைமை. ஆகவே அதனை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்லுமுன் காப்புறுதி, திருத்தம் ஆகியன பற்றி நகரசபையிடம் கேட்டறிதல் வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முடிவு கிடைத்த நான்கு வாரத்திற்குள் நகரசபையிடமே முறையீட்டைக் கையளிக்கலாம். நகரசபை தன் முடிவை மாற்றாவிடின் அது ‘அங்கஸ்டியூரெல்சன்’ என்னும் முறையீட்டுச் சபைக்கு அனுப்பப்படும்.

இங்கு கூறப்பட்ட விதிகள் அடுக்குமாடி வீட்டிற்கும் பொருந்துவன. பொதுப் படிக்கட்டில் ஸ்கூட்டரை நிறுத்தவோ மின்னேற்றவோ கூடாது. உரிய இடமில்லாதோர் வீட்டுச் சங்கத்துடன் முதலில் பேசி, தேவைப்படின் நகரசபையின் துணைச்சாதனப் பிரிவை அணுகலாம்.