ஞாயிறு சாப்பாடும் சனிக்கிழமை வசூலும்

வாரம் ஆறு நாளும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் போன்றவர்களுக்கு ஏழாவது நாள் எப்படிப் போகிறது? சிலர் கோவிலுக்குப் போகிறார்கள். சிலர் கல்யாண வீடுகளில் மொய் எழுதுகிறார்கள். பலர் கணக்கு நோட்டை வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். நாங்கள் ஐந்து நண்பர்கள் பல வருடங்களாக மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியே சாப்பிடப் போகிறோம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் கற்றதையும் தவறியதையும் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை.

ஐவரில் நால்வர் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். அரிசி மண்டி ஒருவர், வத்தல் மண்டி ஒருவர், எண்ணெய்க் கடை ஒருவர், பலசரக்கு எங்கள் கடை. ஐந்தாமவர் நகரின் விரிவாக்கப் பகுதியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். எங்கள் நான்கு கடைகளிலும் சரக்கு எடுப்பவர். எங்களுக்குள் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் அண்ணாச்சிதான்.

எங்களுக்கு விதிகள் மூன்று. பில்லை ஒவ்வொரு தடவையும் ஒருவர் முறை வைத்துக் கொடுக்க வேண்டும். பங்கு பிரிக்கக் கூடாது. எந்தக் கடை என்பதை முறைக்காரர்தான் சொல்ல வேண்டும். இலைக்கு முன்னால் மார்க்கெட் நிலவரம் பேசலாம், பற்று வரவு பேசக் கூடாது.

அரிசியைத் தொட்டால் வயது தெரியும்

அரிசிக்காரர் முறை என்றால் பெரும்பாலும் திண்டுக்கல்தான். அங்கே 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் பின்னாளில் தலப்பாகட்டி என்று பெயர் பெற்றதைப் பலரும் அறிவர். ஆனால் திண்டுக்கல் பிரியாணியின் பெருமை ஒரு கடையோடு முடிவதல்ல. அது சீரக சம்பா அரிசியின் பெருமை. சீரகம் போலச் சிறுத்த அந்த அரிசி கறிச்சாற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீளமான பாஸ்மதி அந்தச் சமையலுக்கு ஒத்துவருவதில்லை.

அரிசிக்காரர் சாப்பிட ஆரம்பிக்கும் முன் இரண்டு பருக்கையை விரலுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். "புது அரிசி, ஆறு மாசம் கூட ஆகலை" என்பார். புது அரிசி குழையும்; பழைய அரிசி தண்ணீரைக் கூடுதலாக இழுத்து, பருக்கை பருக்கையாக நிற்கும். பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்று சில்லறை வியாபாரிகள் தயங்குகிறார்கள். அதே ஒரு கிலோ அரிசி கூடுதலாகச் சாதம் காணும் என்பதை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொன்னால் அந்தத் தயக்கம் தேவையில்லை.

எண்ணெய் விலையும் பரோட்டாவின் அளவும்

எண்ணெய்க்காரர் முறை என்றால் விருதுநகர். பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்த்து விலை வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஊரின் எண்ணெய்ப் பரோட்டா நம் ஊர்ப் பரோட்டா போலக் கல்லில் வாட்டியது அல்ல. அகலமான கல்லில் எண்ணெய் தேக்கிப் பொரித்தெடுப்பது. அதைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்துச் சாப்பிட வேண்டும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்ததும், ஏப்ரல் 28 முதல் மூன்று வாரத்துக்கு மேல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்ததும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தோம். பரோட்டா விலை பழைய விலைதான். எண்ணெய்க்காரர் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "விலை ஏறலை அண்ணாச்சி, பரோட்டா இளைச்சுப் போச்சு" என்றார். மறு தடவை பார்த்தவுடன் சூடாகும் எண்ணெயின் வாசனையை வைத்தே அது எத்தனையாவது காய்ச்சல் என்பார். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்டம். ஓட்டல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் நம் வியாபாரிகள் இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வத்தல்காரருக்கு சால்னாவின் நிறமே போதும். நீளமான சம்பா வத்தலா, உருண்டையான ராமநாதபுரம் முண்டு வத்தலா என்று சொல்லிவிடுவார். முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவரே ஒரு தடவை கூடுதலாகப் பில் கொடுத்தார். திரும்பும் வழியில் வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவதும் வழக்கம். தெற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, இல்லையென்றால் சாத்தூர் காரச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய்.

இப்படி இலையில் இருப்பதன் வயது, ஊர், காய்ச்சல் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கத் தெரிந்த நாங்கள், பக்கத்து இலைக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டோம்.

வராத நண்பர்

2023 தொடக்கத்தில் இருந்து மளிகைக்கடை அண்ணாச்சி வருவது குறைந்தது. ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்றார். ஒரு வாரம் விசேஷ வீடு என்றார். அடுத்து அவர் முறை வந்தது, வரவில்லை. தள்ளி வைத்தோம், அப்போதும் வரவில்லை. "பில் கொடுக்க வேண்டியிருக்குன்னு பயந்துட்டாரு" என்று கேலி பேசிச் சிரித்தோம். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பு உறுத்துகிறது.

பிறகு ஒருநாள் எங்கள் கணக்குப்பிள்ளை பேரேட்டைக் கொண்டுவந்து காட்டினார். பதினைந்து நாள் தவணையில் சரக்கு எடுக்கும் அவர் பெயரில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி நின்றது. தொகை 1,86,000 ரூபாய். அந்தப் பகுதிக்கு எங்கள் வசூல் பையன் போகும் நாள் சனிக்கிழமை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பையன் போய் நின்றிருக்கிறான். "அடுத்த வாரம் வா தம்பி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை எங்கள் ஆளிடம் தவணை சொல்லிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவார்? வசூல் நாளை வைத்தது நாங்கள்தான். சாப்பாட்டு நாளை வைத்ததும் நாங்கள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று கேலி பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஞாயிறு திண்டுக்கல் பயணத்தை நிறுத்திவிட்டு, வத்தல்காரரும் நாங்களுமாக அவர் கடைக்குப் போனோம். அவர் வீட்டம்மா கல்லாவில் இருந்தார். அலமாரியில் முன் வரிசையில் டப்பாக்கள் அழகாக அடுக்கியிருந்தன. பின்னால் ஒன்றும் இல்லை. வியாபாரியான எவருக்கும் அதைப் பார்த்தால் போதும், விளக்கம் வேண்டாம்.

காரணம் கேட்டோம். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது மளிகைக்கடைகளுக்குத் திறக்க அனுமதி இருந்தது. வேலை போன வீடுகளுக்கு அவர் இல்லை என்று சொல்லாமல் கடன் கொடுத்தார். அதில் சில குடும்பங்கள் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போய்விட்டன. நோட்டில் பெயர் மட்டும் நிற்கிறது. 2022-ல் அதே சாலையில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வந்தது. ரொக்கம் கொடுக்கிறவர்கள் அங்கே போனார்கள். கடன் கேட்கிறவர்கள் இவரிடம் நின்றார்கள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?" என்றோம்.

"உங்களுக்குப் பாக்கி வச்சுக்கிட்டு, உங்க காசுல எப்படி அண்ணாச்சி பிரியாணி சாப்பிடுறது?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. வீட்டம்மா காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டு எழுந்தோம்.

பேரேட்டில் ஒரு புதுப் பக்கம்

மறுநாள் நால்வரும் கூடிப் பேசினோம். அரிசிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நட்பு வேற, பற்று வேற. இன்னிக்கு இவருக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு லைன்ல எல்லாரும் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நாமும் மில்லுக்குப் பணம் கட்ட வேண்டியவர்கள்தான். ஆகவே பாக்கியில் ஒரு ரூபாய் கூடத் தள்ளுபடி செய்யவில்லை. பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி நிறுத்தினோம். அதற்கு வாரம் 2,000 ரூபாய். புதுச் சரக்கு ரொக்கத்துக்கு மட்டும், சிறிது சிறிதாக. அதற்கு மேல் கடன் இல்லை. இது அவருக்கும் பிடித்திருந்தது. கடன் மேல் கடன் ஏறுவதுதான் ஒரு மளிகைக்கடையைச் சாய்ப்பது; பழையது ஓரிடத்தில் நின்றுவிட்டால் மனிதர் மூச்சு விடுவார்.

சரக்கு வைப்பதிலும் ஒரு மாற்றம் செய்தார். சோப்பு, பிஸ்கட் போன்றவற்றில் பெரிய கடையின் சலுகை விலையோடு மோதுவதைக் குறைத்துக்கொண்டார். எங்களோடு சுற்றியதில் அவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. பிரியாணி செய்ய ஆசைப்படும் வீடுகளுக்கு என்ன, எவ்வளவு போட வேண்டும் என்பது தெரிவதில்லை. ஒரு கிலோ பழைய சீரக சம்பாவுக்கு இவ்வளவு பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி, சோம்பு என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எல்லாவற்றையும் கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டி முன்கூட்டியே பொட்டலமிட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வாடிக்கையாளர் முன்னால் நிறுத்துக் கொடுக்கும் சில்லறை அரிசிக்கு அது இல்லை. மசாலாச் சாமானுக்கு வரி உண்டு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது சிறு கடைக்குப் பலம். ஞாயிறு காலை அவர் கடையில் நாலு பேர் நிற்கும் நிலை வந்தது. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, கடை நின்றது.

எங்கள் கடையிலும் ஒரு மாற்றம் செய்தோம். அந்தப் பகுதிக்கு வசூல் நாளைச் சனிக்கிழமையில் இருந்து புதன்கிழமைக்கு மாற்றினோம்.

அவர் முறை

அண்ணாச்சி திரும்ப வர ஆரம்பித்தார். முறை சுற்றி அவரிடம் வந்தது. "பாக்கி உள்ள ஆளு நமக்குப் பில் கொடுக்கிறதா? அந்தக் காசை உங்க கணக்குல கட்டச் சொல்லுங்க" என்று அரிசிக்காரர் எங்களிடம் தனியாகக் கேட்டார். கணக்குப்படி பார்த்தால் அவர் கேட்டது சரி. ஆனால் பில் கொடுக்க விடாமல் ஒருவரை நம்மோடு உட்கார வைத்தால் அவர் நண்பராக உட்காரவில்லை, கடன்காரராகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் திண்டுக்கல் சொல்லவில்லை; விருதுநகர் சொல்லவில்லை. மதுரையிலேயே ராத்திரியில் வண்டியில் போடும் இட்லிக் கடைக்குக் கூட்டிப்போனார். நான்கு வகைச் சட்னி, சூடான இட்லி. எண்ணெய்க்காரருக்கு இப்போது ரத்த அழுத்தம், வத்தல்காரருக்குச் சர்க்கரை. உண்மையில் எங்கள் வயதுக்கு ஏற்ற சாப்பாடு அதுதான். சாப்பிட்டு முடித்ததும் அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்து பணத்தை எடுத்தார். கல்லாவில் இருந்து எடுத்து வந்த பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள். ஒவ்வொன்றாக எண்ணினார். பார்த்துக்கொண்டிருந்த எண்ணெய்க்காரரின் கை அவரையறியாமல் தன் பைக்குள் போனது. அரிசிக்காரர்தான் அந்தக் கையைப் பிடித்து அழுத்தினார். அடுத்த புதன்கிழமை 2,000 ரூபாயும் வழக்கம்போல வந்தது.

93 வாரத்தில் முடிய வேண்டிய பாக்கி, இடையில் ஏழு வாரம் விட்டுப்போனதால் நூறு வாரத்தில் முடிந்தது. 2025-ல் அந்தப் பக்கத்தில் கோடு போட்டோம். இது எல்லாக் கடைக்கும் பொருந்தும் வழி என்று சொல்ல மாட்டோம். இதே போல இன்னொருவருக்குத் தவணை கொடுத்து, பணமும் வராமல் ஆளும் வராமல் போன அனுபவமும் எங்களுக்கு உண்டு. அரிசிக்காரர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஆனாலும் ஒன்றை நம் வணிகப் பெருமக்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. கடை நொடிவது பேரேட்டில் தெரிவதற்கு முன்பே மனிதரிடம் தெரிந்துவிடுகிறது. கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறார், டீ குடிக்கக் கூப்பிட்டால் மழுப்புகிறார், சிரித்துப் பேசும் இடத்தில் இருந்து விலகுகிறார். உங்களோடு வழக்கமாகச் சாப்பிட வரும் சக வியாபாரி இரண்டு தடவை வராவிட்டால், மூன்றாவது தடவை நீங்கள் அவர் கடைக்குப் போங்கள். வசூல் பையனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். போகும்போது பேரேட்டைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வருகிற ஞாயிறு எண்ணெய்க்காரர் முறை. விருதுநகர்தான் என்று இப்போதே சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு பரோட்டாவுக்கு மேல் கிடையாது என்பது வீட்டிலிருந்து வந்த நான்காவது விதி.