உப்பளத்துச் சைக்கிளும் துறைமுகத்து டிரெய்லரும்

தூத்துக்குடியில் பொழுது விடியும் முன்பே சாலைக்கு வந்துவிடுகிறவர்களில் உப்பளத் தொழிலாளிகள் முக்கியமானவர்கள். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. உப்பின் வெண்மை கண்ணைப் பறித்துவிடும். அதனால் இருட்டோடு கிளம்புகிறார்கள். கேரியரில் தூக்குவாளி, ஹேண்டில்பாரில் தண்ணீர்க் கேன். பல சைக்கிள்களில் விளக்கு கிடையாது. அதே சாலையில், அதே நேரத்தில், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வருவதும் போவதுமாக நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் ஓடுகின்றன.

“சைக்கிள்காரங்க எந்த ரூலையும் மதிக்கிறதில்ல” என்று பைக்கிலும் காரிலும் போகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ராங் சைடில் வருகிறார்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலும் இடுக்கில் புகுந்து போகிறார்கள். ஆனால் ஏன் ராங் சைடில் வருகிறார்கள் என்பதற்கான பதில் சாலையிலேயே இருக்கிறது. நான்குவழிச் சாலை போடும்போது நடுவில் சென்டர் மீடியன் வந்தது. எதிர்ப்புறம் போக வேண்டியவர் அடுத்த திறப்புவரை போய்த் திரும்ப வேண்டும். காருக்கு அது இரண்டு நிமிடம். கச்சான் காற்றை எதிர்த்து, சுமையோடு மிதிப்பவருக்கு அது பாதி நாள் உழைப்பு போலத் தெரியும். சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில் அவர் ஓரமாக எதிர்த்திசையில் வருவது திமிரால் அல்ல.

காரணம் நியாயமானதுதான், ஆபத்து அதனால் குறைந்துவிடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் லாரியை 15 கிலோமீட்டரில் எதிர்கொண்டால் இரண்டு வேகமும் கூடி 75 ஆகிறது. அதே திசையில் போனால் வித்தியாசம் 45தான். டிரைவருக்குப் பிரேக் பிடிக்கக் கிடைக்கும் அவகாசம் அந்த அளவுக்குக் கூடுகிறது. டிரெய்லருக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பது இதைவிட மோசம். டிரைவர் உட்கார்ந்திருப்பது வலப்பக்கம். இடது ஓரத்தில் நிற்கும் சைக்கிள் பல நேரம் கண்ணாடியில் விழுவதே இல்லை. வண்டி இடதுபுறம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்பகுதி தாண்டிவிட்டது, பிழைத்தோம் என்று நினைக்கும் நொடியில் பின்சக்கரம் வந்துவிடுகிறது. துறைமுக ஊரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீச்சலுக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விளக்கில்லாமல் வந்தாலும் டபுள்ஸ் ஏற்றினாலும் போலீஸ்காரர் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். டைனமோ உரசும் சத்தம் அப்போது தெருவுக்குத் தெரு கேட்கும். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. சைக்கிளைக் கண்டிக்கவும் ஆளில்லை, கவனிக்கவும் ஆளில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ் வேண்டாம், அதனால் சாலை விதியைப் படிக்கும் சந்தர்ப்பமும் வாய்ப்பதில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2005-06இல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டின் நல்ல திட்டங்களில் ஒன்று. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்குச் சைக்கிளைத் தரும் அன்றே, ஒரு டிரெய்லரைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி, டிரைவர் இருக்கையில் உட்காரவைத்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று காட்டலாமே! லாரிகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 138(1ஏ) பிரிவு, மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்தே எழுத வேண்டும் என்பதும் அந்தப் பிரிவில் இருக்கிறது. அப்படிக் கலந்து பேசும் மேசையில் தூத்துக்குடிக்காக வைக்க வேண்டியவை மூன்று: துறைமுகச் சாலைகளில் சைக்கிளுக்குத் தனித்தடம், உப்பள விலக்குகளில் சைக்கிள் கடக்க மீடியனில் திறப்பு, வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் சைக்கிளுக்கும் உப்பள முதலாளி செலவில் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரும் முன்விளக்கும்.