பெயர் இல்லை என்றால் தேடிப் பார்ப்போம்



"உங்கட பேர் லிஸ்டில இல்லையம்மா." இந்தப் பதிலை எத்தனை வாசல்களில் நாம் கேட்டிருப்போம்! 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம் முகாமாகப் பதிந்து களைத்த ஒரு தாயும் இதே பதிலுடன் மூன்று தடவை திரும்பிப் போனார். அப்படிச் சொன்னது எங்கள் பணிமனைதான்.

பிழையைக் கண்டுபிடித்தவர் அவரது மகள். திருகோணமலையில் மாலை வகுப்பொன்றில் 'பைதன்' என்னும் கணனி மொழியை அவர் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தார். தாயின் அடையாள அட்டை இலக்கத்தின் பின்னால் எங்களில் ஒருவர் தவறுதலாக ஓர் இடைவெளி தட்டியிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடமும் கணனிக்கு ஓர் எழுத்துத்தான். அதனால் இரண்டும் வேறு வேறு இலக்கம் என்று அது முடிவு செய்துவிட்டது.

கணனி எழுத்துக்களைப் பூப்போலக் கோர்த்து வைக்கிறது. இதற்குச் 'சரம்' என்று பெயர். இடங்களை அது 0இலிருந்து எண்ணும். வேண்டிய துண்டை வெட்டியும் எடுக்கலாம்.

78620 என்று தொடங்கும் பழைய அடையாள அட்டையைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, 1978. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். வெட்டிய 620ஐ எண்ணாக மாற்றி 500ஐக் கழித்தால் 120. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பதே கணக்கு. எனவே பிறந்த நாள் ஏப்ரல் 29. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டுக்கு நான்கு இடம். வெட்டும் இடமும் மாறும்.

தமிழில் இன்னொரு கவனம் வேண்டும். 'திருகோணமலை' நமக்கு 6 எழுத்து; பைதன் 10 என்று எண்ணும். 'தி' என்பதைத் 'த' வேறு, விசிறி வேறு என இரண்டாக அது வைத்திருக்கிறது. முதல் மூன்றை வெட்டினால் 'திர' என்றுதான் வரும். எழுத்துக்களைச் சரியாகப் பிரிக்க 'ஓப்பன் தமிழ்' என்னும் இலவசத் தொகுப்பு உண்டு.

சரங்கள் பலவற்றை வரிசையில் நிறுத்தினால் அது 'அணி'. நிவாரணத்துக்கு நாம் நின்ற வரிசை போலத்தான். அந்த மகள் எங்கள் பட்டியலை அணியாக்கி, 'ஸ்ட்ரிப்' என்ற கட்டளையால் ஒவ்வொரு இலக்கத்தினதும் முன்பின் வெற்றிடங்களை நீக்கி, மீண்டும் தேடினார். தாயின் பெயர் வந்தது. இன்னும் சிலரது பெயர்களும் வந்தன.

"அப்ப நான் இவ்வளவு நாளும் லிஸ்டுக்குள்ளதான் இருந்தனானா பிள்ளை?" என்று அந்தத் தாய் என்னைக் கேட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சகோதரிகளே, 'இல்லை' என்றதும் திரும்பி வராதீர்கள். பெயரை மட்டுமன்றி இலக்கத்தின் ஒரு பகுதியைக் கொண்டும் தேடும்படி கேளுங்கள். உங்கள் பெண்பிள்ளைகள் கணனி பழக விரும்பினால் அனுப்பிவையுங்கள். நம்முடைய பட்டியல்களை நாமே சரிபார்க்கும் காலம் வரட்டும்.