முகாமுக்குப் போகும் அரிசி

2009 ஜூன் மாதம். வன்னியில் போர் முடிந்து, உயிர் தப்பிய தமிழர்கள் முகாம்களில் அடைபட்டிருந்த நேரம். நம் தங்கவயலில் நாங்கள் சிலர் உண்டியலோடு கடை கடையாக, லைன் லைனாக ஏறி இறங்கினோம். சுரங்கத்தை 2001இல் மூடிய பிறகு நம்ம ஊரில் யாரிடம் காசு இருந்தது? விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் கூலி வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் போட்டார்கள். மாரிக்குப்பத்தில், சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் ஐம்பது ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, இது அங்க இருக்கிற புள்ளைங்க வயித்துக்குப் போவுதா, இல்ல அதுங்கள அடைச்சு வெச்சிருக்கறவனுக்குப் போவுதா?"

"போய்ச் சேரும் தாத்தா" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. பிற்பாடு படித்துப் பார்த்தபோதுதான், உலகத்தின் பெரிய பெரிய தொண்டு நிறுவனங்களே இந்தக் கேள்வியில் திணறியிருக்கின்றன என்று புரிந்தது.

1994இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் ஏப்ரல் முதல் ஜூலை வரை, சுமார் நூறு நாட்களில், ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் துட்சி இனத்தவர். கொலைகளை நடத்திய ஹூட்டு அரசு தோற்றதும், அதன் படையும் இன்டரஹாம்வே என்ற கொலைக் கும்பலும் பொதுமக்களோடு கலந்து எல்லை தாண்டின. சில நாட்களுக்குள் சுமார் எட்டரை லட்சம் பேர் ஸயர் நாட்டின் (இன்றைய காங்கோ) கோமா நகர்ப் பகுதியில் குவிந்தனர். அது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை நிலம். கழிப்பறைக் குழியும் தோண்ட முடியவில்லை, பிணக் குழியும் தோண்ட முடியவில்லை. காலரா முதலிய நோய்களில் முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர்.

உலகமே ஓடிவந்து உதவியது. ஆனால் முகாமில் ரேஷனைப் பங்கிட்டவர்கள் யார்? பழைய அரசின் ஆட்களேதான். தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்லி, மிஞ்சியதை விற்றார்கள். ஊர் திரும்ப நினைத்தவர்களை மிரட்டினார்கள், சிலரைக் கொன்றும் போட்டார்கள். அகதிக்கு வந்த சோறு, கொன்றவன் கைக்கும் பலம் சேர்த்தது. இதைப் பொறுக்காமல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 1994 நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. அதே அமைப்பின் பெல்ஜியம், ஹாலந்து பிரிவுகளோ, நோயாளியை விட்டுவிட்டுப் போவதா என்று தங்கின. அவர்களும் 1995இல் கிளம்பினார்கள். ஒரே அமைப்பு, ஒரே மருத்துவ தர்மம். முடிவு மட்டும் இரண்டு.

இனி நம் கதைக்கு வருவோம். வவுனியா அருகே செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாம் கோமாவுக்கு நேர் எதிர். இங்கே பாதிக்கப்பட்டவர்கள் முள்கம்பிக்கு உள்ளே, படை வெளியே. வன்னியிலிருந்து வந்து முகாம்களில் அடைபட்டவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இருந்தது இங்கேதான். முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோர் பெயர்களையே வைத்தார்கள்! நடந்தது இனப்படுகொலை என்று இலங்கை வடமாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கையோ போர்க்குற்றம், மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்ற சொற்களில் பேசியது.

அங்கே தண்ணீரும் கூடாரமும் அரிசியும் கொடுத்தவை தொண்டு நிறுவனங்கள். கொடுக்காவிட்டால் குழந்தைகள் சாகும். கொடுத்தாலோ, மக்களை அடைத்து வைக்கும் செலவை உலகம் ஏற்றுக்கொண்டதாக ஆகும். சரி, கொடுத்துக்கொண்டே உண்மையைப் பேசலாமே என்றால், அதற்கும் விலை இருந்தது. குழந்தைகள் படும் பாட்டைப் பேசிய யுனிசெஃப் பேச்சாளர் ஜேம்ஸ் எல்டரை 2009 செப்டம்பரில் நாட்டை விட்டே போகச் சொன்னார்கள்.

பேசாமல் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? போர்க்காலத்தில் தன் அமைப்பு நடந்துகொண்ட விதத்தை ஐ.நா.வே ஆராய்ந்து 2012 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. உள்ளே போகும் அனுமதி பறிபோகுமே என்ற தயக்கத்தில் அதிகாரிகள் சாவுக் கணக்கை வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்ததையும் அது குறை கூறியது. விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, கடைசியில் மக்களையும் காக்க முடியவில்லை, உண்மையையும் காக்க முடியவில்லை.

புலம்பெயர் தமிழர்கள் தாங்களே நேராக அனுப்பிப் பார்த்தார்கள். 884 டன் நிவாரணப் பொருளோடு வந்த 'வணங்கா மண்' கப்பலை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. அது சென்னைக்கு அருகே கடலில் நின்றது. 2009 ஜூலையில் வேறு கப்பலில் சரக்கு கொழும்பு போய், அங்கே துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஆக, வாசலில் நிற்பவனைக் கேட்காமல் உள்ளே ஒரு மூட்டையும் போகாது என்பதே நிலைமை.

நம் வசூலுக்கும் இது பொருந்தும். பணம் அனுப்பும் கடிதத்தில், "முகாமில் உள்ளவர்களை அவரவர் ஊருக்கு விட வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். "வேணாம்பா, அப்புறம் காசே உள்ள போகாது" என்றார்கள். நானும் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். பெரிய நிறுவனங்கள் செய்த அதே பேரத்தைத்தான், சின்ன அளவில் நாமும் செய்தோம்.

அந்த ஐ.நா. அறிக்கை வந்த பிறகு ஒருநாள் மாரிக்குப்பம் போய், பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சுரங்கத்துல பாறை வெடிச்சு ஆள் மாட்டிக்கினா, எவன் தப்புன்னு கேட்டுக்கினு நிக்க முடியாது. உள்ள போயே ஆவணும். ஆனா மேல வந்ததும், மரம் சரியா முட்டுக் குடுக்கலன்னு வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலன்னா நாளைக்கு இன்னொருத்தன் சாவான்."

என் பதிலும் இப்போது அதுதான். கொடுக்க வேண்டும், பசித்த பிள்ளையிடம் நியாயம் பேச முடியாது. ஆனால் கொடுக்கும்போதே மூன்று கேள்வி கேட்க வேண்டும். அங்கே தலைக்கணக்கு எடுப்பவர் யார்? முகாமிலிருந்து மக்கள் வெளியே போக முடியுமா? பார்த்ததைச் சொல்ல நம் ஆட்களுக்கு வாய் இருக்கிறதா? மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. உலகில் முகாம்கள் தீரவில்லை. அடுத்த முறை உண்டியல் தூக்கும் நம் பிள்ளைகளாவது, நான் விட்டுவிட்ட அந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதட்டும்.