தோள் ஏன் வலிக்கிறது? கத்தியில்லாமல் எப்படி ஆறும்?

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பட்டாசுப் பெட்டிகளைத் தலைக்கு மேல் தூக்கி அடுக்குகிறவருக்குத் தோள்வலி வந்தால், ராத்திரியில்தான் அதிகம் குடையும். ஏன்?

தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. கை எலும்பின் பெரிய தலையை அதில் பிடித்து நிறுத்துபவை 4 சிறு தசைகளும் அவற்றின் நாண்களும். கையை உயர்த்தும்போது மேல்நாண், தோள்பட்டை எலும்பின் விளிம்புக்கு அடியில் நுழைந்து நகர்கிறது. ஓயாத பளு அதை நோகடிக்கும். அந்தப் பக்கமே படுத்தால் இன்னும் அழுந்தும்.

அறுவை சிகிச்சையில் அந்த விளிம்பு எலும்பைச் சுரண்டி நாணுக்கு இடம் விட்டால் தீராதா? பிரிட்டனில் ஆய்வாளர்கள் 313 பேரிடம் சோதித்து, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். சுரண்டப்பட்டவர்களுக்கும், உள்ளே கருவி விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது!

ஆகவே முதலில் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். விரல்களால் சுவரேறுங்கள். தாங்கும் வலி பரவாயில்லை. மறுநாளும் நீடித்தால் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாண் மெதுவாகத்தான் தேறும், 6 முதல் 12 வாரம் பொறுக்க வேண்டும். கையை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

விழுந்தபின் கை தூக்க முடியவில்லையா, நெஞ்சுவலியும் வியர்வையும் சேர்ந்து தோள் வலிக்கிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.