செங்கமாரி என்ற ஒரு சொல்லுக்குள்

கண்ணின் வெள்ளை மஞ்சளானால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே பெயர்தான்: செங்கமாரி. சாப்பாடு குமட்டி, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனால் வைத்தியரிடம் போவதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். மருத்துவ நூல்களைப் புரட்டினால் அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்து வைரசுகள் இருக்கின்றன. ஏ, பி, சீ, டீ, ஈ என்று எழுத்துகளே அவற்றின் பெயர்கள். ஐந்தும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. ஈரலைத் தேடிச் சென்று தங்குவது ஒன்றே அவற்றுக்குப் பொதுவான குணம்.

மஞ்சள் நிறத்துக்குக் காரணம் பிலிருபின் என்னும் பொருள். முதிர்ந்த செங்குருதிக் கலங்கள் உடையும்போது அது உண்டாகின்றது. நல்ல நிலையிலுள்ள ஈரல் அதைப் பித்தத்துடன் சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். ஈரல் களைத்துப்போனால் அது இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகின்றது. ஆகவே செங்கமாரியை நோய் என்பதைவிட நோயின் அடையாளம் என்பதே சரி. இந்த அடையாளத்தை மட்டும் நம்பியிருப்பதில்தான் ஆபத்து இருக்கின்றது.

ஏ, ஈ ஆகிய இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருபவை. ஈ வைரசு கர்ப்பிணித் தாய்மாருக்கு மிகவும் ஆபத்தானது. ஏ வைரசு தொற்றியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சில வாரங்களில் குணமடைந்துவிடுவார்கள். அதற்கெனத் தனி மருந்து கிடையாது. உடலின் நிர்ப்பீடனமே அதை வென்று, பின்னர் வாழ்நாள் முழுவதும் அதை நினைவில் வைத்திருக்கும்.

இங்கேதான் எங்கள் வீட்டு முற்றங்களில் தானாக முளைக்கும் கீழ்காய்நெல்லி வருகின்றது. அதை அரைத்துப் பாலில் கரைத்துக் குடித்தவருக்குச் செங்கமாரி மாறிவிட்டது என்று சொல்லாத குடும்பம் இல்லை. மாறியது உண்மைதான். ஆனால் வந்தது ஏ வைரசாக இருந்தால் குடிக்காமல் இருந்திருந்தாலும் மாறியிருக்கும். அப்படியானால் அந்த மூலிகையில் ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியைச் சென்னையில் சில ஆய்வாளர்கள் உண்மையாகவே சோதித்துப் பார்த்தார்கள்.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் பரூக் பிளம்பெர்க். பி வைரசைக் கண்டுபிடிக்க வழிதிறந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் இவர். வெவ்வேறு மக்களின் இரத்தத்திலுள்ள புரதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவுஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய பொருளொன்றைக் கண்டார். அதுவே பி வைரசின் மேலுறை என்பது பின்னர் தெரியவந்தது. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28ஐத்தான் இன்று உலகம் ஈரல் அழற்சி தினமாக நினைவுகூர்கின்றது. சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, பி வைரசை நீண்டகாலம் சுமந்திருந்த 37 பேருக்குக் கீழ்காய்நெல்லித் தூளை 30 நாட்கள் கொடுத்தார்கள். வேறு 23 பேருக்கு மருந்தில்லாத வெறும் தூள் கொடுக்கப்பட்டது. 1988இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த முடிவு வியப்பானது. மூலிகை பெற்றவர்களில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேலுறைப் புரதம் காணாமற்போயிருந்தது. மற்றக் குழுவில் ஒரேயொருவருக்குத்தான் அப்படி நடந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் எல்லோரும் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே சோதனையை மீண்டும் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்றுவரை கீழ்காய்நெல்லி பி வைரசுக்கு மருந்தாக நிரூபிக்கப்படவில்லை. நாட்டு மருந்தென்றால் எல்லாமே பொய் என்று சிரிப்பவர்களுக்கும், பாட்டன் காலத்து மருந்து ஒருபோதும் பிழைக்காது என்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக நான் நினைக்கிறேன். முதலாமவர்கள் சோதித்துப் பார்க்காமலே ஒதுக்குகிறார்கள். இரண்டாமவர்கள் சோதனையின் முடிவைக் கேட்பதில்லை.

பி, சீ ஆகியவை இரத்தத்தின் வழியே பரவுபவை. டீ என்பது பி இல்லாமல் பெருகவே முடியாத ஒட்டுவால். இவற்றில் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை. ஈரலின் உட்பகுதியில் நோவை உணரும் நரம்புகள் இல்லாததால் அது முறையிடுவதுமில்லை. உள்ளே என்ன நடக்கின்றது என்பதை உயர்தர உயிரியல் படிப்பவர்கள் ஆர்வத்துடன் வாசிப்பார்கள். ஈரலில் விற்றமின் ஏயைச் சேமித்து வைக்கும் நட்சத்திர வடிவக் கலங்கள் உண்டு. ஈரல் மீண்டும் மீண்டும் காயப்படும்போது இக்கலங்கள் தம் பழைய வேலையை விட்டுவிட்டுக் கொலாஜன் நாரை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகின்றன. காயத்தை மூடத்தான் அப்படிச் செய்கின்றன. ஆனால் காயம் இருபது, முப்பது வருடங்கள் ஆறாமலிருந்தால் மெதுவான ஈரல் தழும்புகளால் நிறைந்து, முடிச்சு முடிச்சாக இறுகிப்போகும். இதுவே சிரோசிஸ். குடலிலிருந்து ஈரலுக்கு வரும் இரத்தம் உள்ளே போக வழியின்றித் தேங்க, வயிறு நீர்கட்டி வீங்கும். உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்தால் இரத்த வாந்தி வரும். சிலருக்கு ஈரற் புற்றுநோயும் உண்டாகும். இந்த வைரசுகளில் கண் மஞ்சளாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 2022இல் உலகில் 254 மில்லியன் பேர் பி வைரசுடனும் 50 மில்லியன் பேர் சீ வைரசுடனும் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது.

நாட்டு மருந்தைப்பற்றி இவ்வளவு எழுதிவிட்டு ஊசிமருந்தைப்பற்றி எழுதாமல் விட்டால் நீதியாகாது. அதற்கு எகிப்துக்குப் போக வேண்டும்.

நைல் நதிக்கரை மக்களுக்குப் பில்ஹார்ஸியா என்ற ஒட்டுண்ணி நோய் ஆயிரக்கணக்கான வருடங்களாக இருந்து வந்தது. மம்மிகளில்கூட அதன் முட்டைகளைக் கண்டிருக்கிறார்கள். வாய்க்கால் நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழு, நீரில் இறங்குபவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லும். அரபுலகமே கொண்டாடிய பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸ் சிறுவயதில் வாய்க்காலில் பெற்ற இந்த நோயால் ஈரல் கெட்டு, 1977இல் தமது 47ஆவது வயதில் இலண்டனில் காலமானார். இந்த நோயை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை எகிப்திய அரசு கிராமங்கள்தோறும் அன்ரிமனி கலந்த ஊசிமருந்தை ஏற்றியது. ஒருவருக்குப் பல வாரங்கள், பல ஊசிகள். கண்ணாடிச் சிரிஞ்சுகளைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப்பின் ஒருவராகப் பயன்படுத்தினார்கள். பில்ஹார்ஸியாவுக்கு மருந்து ஏறிய அதே ஊசியில் சீ வைரசும் ஏறியது.

அந்த வைரசு 1989இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தம் ஏற்றப்பட்ட பலருக்கு ஏயும் அல்லாத பியும் அல்லாத ஓர் ஈரல் அழற்சி வருவதை 1970களில் ஹாவி ஆல்ட்டர் கவனித்தார். மைக்கல் ஹௌட்டனின் குழு அந்த வைரசை இனங்கண்டது. அது தனித்தே நோயை உண்டாக்கும் என்பதைச் சார்ள்ஸ் ரைஸ் நிறுவினார். மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே எகிப்தின் தாதியருக்கு எதிரியின் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஊசியால் செங்கமாரி பரவும் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே மருத்துவ உலகம் அறிந்த விடயம். அதனால் அறியாமை என்று முழுவதையும் மன்னித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

2008இல் நடந்த ஆய்வில் எகிப்தில் 15 முதல் 59 வயது வரையானோரில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் சீ வைரசுக்குரிய பிறபொருளெதிரி காணப்பட்டது. 2013இன் இறுதியில் சொஃபொஸ்புவிர் என்ற மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் பன்னிரண்டு வாரச் சிகிச்சையின் விலை 84,000 டொலர். எகிப்து பேரம்பேசி அதை 900 டொலருக்கு வாங்கியது. பின்னர் உள்நாட்டிலேயே தயாரித்து நூறு டொலருக்கும் கீழே கொண்டுவந்தது. 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரையான ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரின் விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தார்கள். நோயுள்ளவர்களுக்கு இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 98 பேருக்கும் மேல் குணமடைந்திருந்தார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம், சீ வைரசை ஒழிக்கும் பாதையில் தங்க நிலையை அடைந்த முதல் நாடு என எகிப்தை அறிவித்தது.

எங்கள் நாட்டில் சீ வைரசு எகிப்தைப்போலப் பரவவில்லை. ஆனால் எங்கள் குடும்பங்கள் இந்த இரண்டு வைரசுகளையும் எதிர்கொள்ளும் ஓர் இடம் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் எடுக்கும் மெடிக்கலில் பி, சீ இரண்டையும் சோதிப்பார்கள். தொற்று இருந்தால் 'அன்ஃபிட்'. அந்தத் தாள் பயணத்தைக் கெடுத்த தாளாக மட்டும் பார்க்கப்படுகின்றது. யாருக்கும் சொல்லாமல் மடித்து வைக்கப்படுகின்றது, முக்கியமாகத் திருமணத்துக்குப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில். சீ வைரசுக்கான முதற் பரிசோதனை பிறபொருளெதிரியைத்தான் காட்டும். எகிப்தில் அப்படிக் காட்டியவர்களில் கால்வாசிப் பேரளவில் உடலில் வைரசு இருக்கவில்லை. குணமடைந்தவருக்கும் அந்த எதிரி இரத்தத்தில் தங்கியிருக்கும். ஆகவே இரண்டாவது பரிசோதனை செய்யாமல் எதையும் முடிவுசெய்ய முடியாது.

பயத்தில் பாதி, எப்படிப் பரவும் என்பது தெரியாததால் வருவது. ஒரே சஹனில் சாப்பிடுவதால், கைகொடுப்பதால், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதால் பியும் சீயும் பரவா. பகிர்ந்துகொள்ளும் சவர அலகால் பரவும். கிருமிநீக்காத கருவியால் ஹிஜாமா செய்தால், காது குத்தினால் பரவும். ஹஜ்ஜின்போது மினாவில் ஒரே அலகால் பலருக்குத் தலைமழிப்பவர்களிடம் போக வேண்டாம் என்று சவூதி சுகாதாரத் துறை யாத்திரிகர்களுக்குச் சொல்வது இதனால்தான். பி வைரசு தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும், கணவன் மனைவிக்கிடையிலும் தொற்றும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் அதை நீண்டகாலம் சுமப்பார்கள். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே சுமப்பார்கள்.

பி வைரசுக்குத் தடுப்பூசி உண்டு. இலங்கையில் 2003இலிருந்து குழந்தைகளுக்கு அது போடப்படுகின்றது. மிட்வைஃப் மிஸ் எழுதித்தந்த எமது பதிவேடுகளில் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போட்ட ஐந்துநோய்த் தடுப்பூசிக்குள் அதுவும் அடங்கியிருக்கின்றது. எமது உம்மா, வாப்பா வயதினரின் குழந்தைப் பருவத்தில் அந்த ஊசி இல்லை. சீ வைரசுக்கோ இதுவரை எவருக்கும் தடுப்பூசி இல்லை. முன்பு இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், குடும்பத்தில் ஒருவருக்குச் சிரோசிஸ் அல்லது ஈரற் புற்றுநோய் இருந்தவர்கள், மெடிக்கல் தாளை மடித்து வைத்திருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: பி வைரசின் மேலுறைப் புரதத்துக்கான பரிசோதனை, சீ வைரசின் பிறபொருளெதிரிக்கான பரிசோதனை. இரண்டுக்கும் சிறிதளவு இரத்தமே போதும்.