தாக்குப்பிடிக்கும் சின்னக் கணினி

இடப்பெயர்வுகளின்போது எமது பெண்கள் எடுத்துச் சென்ற பொருட்கள் மிகச் சில. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பாத்திரங்கள் கட்டிய உரப்பை, இடுப்பில் செருகிய பொலித்தீன் பையினுள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி. அந்தப் பொலித்தீன் பையைக் காப்பாற்றியவர்களுக்கு 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் அலுவலகக் கதவுகள் ஓரளவு இலகுவாகத் திறந்தன. அதைத் தொலைத்தவர்களோ ஒவ்வொரு மேசையின் முன்னாலும் தமது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இன்று எமது ஆவணங்களிற் பெரும்பகுதி கணினிக்குள் போய்விட்டது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடன் கணக்கு, வாழ்வாதார உதவிக்கான விண்ணப்பங்கள், காணாமல் ஆக்கப்பட்ட உறவுகள் பற்றிய முறைப்பாடுகளின் பிரதிகள், காணி ஆவணங்களின் படங்கள் யாவும் அதனுள்ளேதான் இருக்கின்றன. எனவே எத்தகைய கணினியை வாங்குவது என்பது கடைக்காரரும் வீட்டு ஆண்களும் மாத்திரம் பேசித் தீர்க்க வேண்டிய விடயமல்ல. அது எமது விடயமும்தான்.

மெல்லிய கணினியும் கிரவல் வீதியும்

எமது களப்பணிக்கு முதலில் கிடைத்தது பார்ப்பதற்கு மிக அழகான, மெல்லிய மடிக்கணினி. அதன் பெயர் இங்கு அவசியமில்லை. குளிரூட்டிய அறையில் மேசைமீது வைத்துப் பாவிப்பவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். எமக்கோ அது ஸ்கூட்டியின் முன்புறத்தில், கிரவல் வீதியில், வைகாசி வெயிலிலும் மார்கழி மழையிலும் பயணிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வருடத்தில் திரையைத் தாங்கும் பிணைச்சல் வெடித்தது. புழுதி புகுந்து சில விசைகள் இறுகின.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்திலேயே அதன் பற்றறி ஊதத் தொடங்கியது. பற்றறியோ உள்ளே ஒட்டப்பட்டிருந்தது. அதை மாற்ற கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். ரூபாவின் பெறுமதி அந்த ஆண்டில் ஒரு டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை சரிந்திருந்ததால் உதிரிப்பாகத்தின் விலை எமக்கு எட்டாத உயரத்தில் நின்றது.

ஒரு நாள் ஆறு பெண்களின் விபரங்களைப் பதிவு செய்து முடிக்கும் வேளையில் கணினி அணைந்தது. மீண்டும் எழவேயில்லை. முதல்நாள் மாலை வரையான பதிவுகளின் பிரதி அலுவலகத்தில் இருந்தது. அன்றைய ஆறும் போய்விட்டன. மறுவாரம் அவர்களிடம் மீண்டும் சென்றபோது ஓர் அம்மா சொன்னார்: "பிள்ளை, இன்னொருக்கா முதலிலையிருந்து சொல்ல என்னாலை ஏலாது."

தன் மகனைக் கடைசியாகக் கண்ட இடத்தையும் நேரத்தையும் ஒரு தாய் வாய் திறந்து சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பதை இச்சஞ்சிகையை வாசிப்போருக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பொருள் பழுதாவதன் விலை ரூபாவில் மட்டும் அளக்கப்படுவதல்ல.

மாறிய கதை

அதன் பின்னர் நாம் வாங்கியது பாவித்த ஒரு கணினி. லெனோவோ நிறுவனத்தின் திங்க்பேட் வகையைச் சேர்ந்த எக்ஸ் 270. 2017ஆம் ஆண்டு வெளிவந்த மாதிரி. புதிய கணினியொன்றின் விலையில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது.

திங்க்பேட் கணினிகளை 1992ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது ஐ.பி.எம். நிறுவனம். 2005இல் அந்தப் பிரிவு சீனாவின் லெனோவோவின் கைக்கு மாறியது. அதன் கறுப்புப் பெட்டி உருவத்துக்கு ஜப்பானியர் மதிய உணவு கொண்டுசெல்லும் 'பென்டோ' பெட்டியே முன்மாதிரி என்பர். ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜேர்மனிய வடிவமைப்பாளர் அவ்வாறு அமைத்தார். சாப்பாட்டுப் பெட்டி போன்ற கணினி என்றால் எமது பெண்களுக்கு அதை விளங்கப்படுத்துவது எளிது: வெளியே ஆடம்பரம் இல்லை, உள்ளே எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும்.

திரை பன்னிரண்டரை அங்குலம். பெரிய பற்றறியுடன் சேர்த்து எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. தோள்பையில் தண்ணீர்ப் போத்தலுக்கும் குடைக்கும் பக்கத்தில் அடங்கிவிடும். இதில் இரண்டு பற்றறிகள் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும், மற்றது பின்புறத்தில் கையால் கழற்றக்கூடியது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பின்புறப் பற்றறியை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டலாம். ஆகவே மின்சாரம் இல்லாத மண்டபத்திலும் மரத்தடியிலும் பதிவு இடைநடுவில் நிற்பதில்லை.

தகவல்களைச் சேமிக்கும் பகுதியும் முக்கியமானது. பழைய வகை வன்தட்டில் ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். குலுக்கலும் விழுகையும் அதற்கு ஆகாது. இதில் அசையும் பாகம் எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. இருக்கிறது. ஒரு திருப்புளியால் அடித்தட்டைக் கழற்றி அதையும் நினைவகத்தையும் பட்டணத்துச் சிறு கடையிலேயே மாற்ற முடியும்.

எமது கணக்குகளைப் பதியும் சகோதரி ஷெல் வீச்சில் இடது கையின் மூன்று விரல்களை இழந்தவர். விசைகளை ஆழமாக அழுத்தக்கூடியதாக இருப்பதால் பிழை குறைகிறது என்கிறார். விசைப்பலகையின் நடுவே உள்ள சிவப்புக் குமிழை ஒரே விரலால் அசைத்துத் திரையில் வேண்டிய இடத்துக்குப் போகலாம். கையை அங்குமிங்கும் நகர்த்தத் தேவையில்லை. இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டிய இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் வசதி பெரும்பாலான கணினிகளில் இருக்கிறது. கேட்டு அறிந்து அதைச் செயற்படுத்திக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு

இதன் திரை வெயிலில் மங்கலாகத் தெரிகிறது. பாவித்த கணினியாதலால் பற்றறியின் வலு குறைந்திருந்தது, புதியதொன்று வாங்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொவ்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு ஏற்றவை என அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் இந்த மாதிரியின் செயலி இல்லை. எனவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் முறைமையை நிறுவினோம். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒபிஸ் போதுமானதாக இருக்கிறது.

பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. புதிய கணினியில் திறந்தபோது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன. ஆனால் ஒருமுறை மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும், கைத்தொலைபேசியிலும் அதே தமிழாகத் தெரியும். பாமினியில் கோப்புகள் வைத்திருக்கும் சங்கங்கள் இவ்வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இத்தகைய கணினிகளின் விளம்பரத்தில் 'இராணுவத் தரம்' என்ற சொல் வரும். எமது காதுக்கு அது இனிய சொல்லல்ல. வெப்பம், ஈரப்பதன், தூசி, அதிர்வு முதலியவற்றுக்காக அமெரிக்க இராணுவம் வகுத்த சோதனை முறைகளின்படி பரீட்சித்துள்ளோம் என்று தயாரிப்பாளர் கூறுவதே அதன் பொருள். உடையவே உடையாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

உங்கள் சங்கமோ நீங்களோ கணினி வாங்கச் செல்லும்போது நிறத்தையும் மெல்லிய தோற்றத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

- பற்றறியை மாற்ற முடியுமா? அதன் விலை என்ன?
- உதிரிப்பாகம் எமது மாவட்டத்திலேயே கிடைக்குமா? திருத்தக்கூடியவர் யார்?
- சேமிப்பது எஸ்.எஸ்.டி.யிலா, சுழலும் வன்தட்டிலா?
- திரையைப் பல முறை திறந்து மூடிப் பார்த்தால் பிணைச்சல் உறுதியாக இருக்கிறதா?
- எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா?
- எத்தனை மாத உத்தரவாதம்? அது எழுத்தில் தரப்படுமா?

கடையில் "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது அக்கா" என்று ஒருவர் சொன்னால், விளங்கும்படி சொல்லச் சொல்லுங்கள். பணம் எங்களுடையது.

கெட்டியான பெட்டி மட்டும் போதாது

கணினி எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் களவு போகலாம், வெள்ளத்தில் அகப்படலாம். ஆகவே முக்கியமான பதிவுகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளிச் சேமிப்புக் கருவியில் ஒன்று, வேறோர் இடத்தில் பாதுகாப்பாக இன்னொன்று. களத்தில் இருக்கும்போதே ஒவ்வொருவரின் பதிவு முடிந்ததும் சிறு பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுப்பது இப்போது எமது வழக்கம். அதற்கு ஒரு நிமிடமும் செல்வதில்லை.

மற்றது இரகசியம். ஒரு பெண் எம்மை நம்பிச் சொன்னதை அவரது அனுமதியின்றி வேறெவரும் வாசிக்கக்கூடாது. கடவுச்சொல் இட்டால் மட்டும் போதாது. சேமிப்புப் பகுதி முழுவதையும் மறைகுறியாக்கம் செய்யும் வசதி லினக்ஸை நிறுவும்போதே இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் கணினி பிறர் கையில் அகப்பட்டாலும் உள்ளிருப்பதைத் திறப்பது மிகக் கடினம். பென் டிரைவுக்கும் அவ்வாறே பூட்டுப் போடலாம். கணினியைத் திருத்தக் கொடுக்குமுன் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொள்ளவும் பழகிக்கொள்ளலாம்.

உங்கள் விபரங்களை யாராவது பதிவு செய்ய வந்தால், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும், இந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு: நான் சொல்வது எங்கே சேமிக்கப்படுகிறது? அதை யார் யார் பார்ப்பார்கள்? இந்தக் கருவி பழுதானால் என்னிடம் மீண்டும் வந்து கேட்பீர்களா? திருப்தியான பதில் கிடைத்த பின்னர் பேசத் தொடங்குங்கள்.